போவிஸ் கோட்டை எஸ்டேட் ஆவணங்களைத் தேடிப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சென்னை ஓமந்தூரார் தோட்டத்தில் நிற்கும் ராஜாஜி மண்டபத்தைக் கட்டவைத்தவர் மெட்ராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவ். பிளாசிப் போரில் பெயர் பெற்ற ராபர்ட் கிளைவின் மகன். கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டதும், மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதும், கர்நாடக நவாபின் ஆட்சி கம்பெனியின் கைக்குப் போனதும் அவர் கவர்னராக இருந்த 1798–1803 காலத்தில்தான். அவருடைய சொந்தத் தாள்களைத் தேடிப் போகிறவர் வேல்ஸின் வெல்ஷ்பூல் அருகே இருக்கும் போவிஸ் கோட்டையின் எஸ்டேட் ஆவணங்களில் போய் நிற்பார். ஆட்டு மேய்ச்சல் குத்தகை, ஈயச் சுரங்கக் கணக்கு, எல்லைத் தகராறு என்று விரியும் அந்தக் கட்டுகளுக்கிடையே மெட்ராஸ் எப்படி வந்தது என்பது புரியாமல் தேடினால் வாரக்கணக்கில் வீணாகும்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எஸ்டேட் ஆவணங்கள் வரலாறு எழுத வைக்கப்பட்டவை அல்ல. நிலம் எங்களுடையது என்று நிரூபிக்கவும், குத்தகை வசூலிக்கவும் வைக்கப்பட்டவை. அந்த இரண்டு வேலைக்கும் உதவாத தாள்களில் தப்பிப் பிழைத்தவை கொஞ்சம்தான். ஆகவே ஆளைத் தேடாதீர்கள், நிலத்தைத் தேடுங்கள். நிலம் கிடைத்தால் ஆள் தானாக வருவார்.

படி 1: மூன்று குடும்பங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

போவிஸ் ஆவணங்கள் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே மூன்று குடும்பங்களின் சொத்து கலந்திருக்கிறது.

முதலாவது, போவிஸ் கோட்டை ஹெர்பர்ட்கள். 13ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் சிற்றரசர் க்ரிஃபித் அப் க்வென்வின்வின் எழுப்பிய கோட்டையை 1587இல் சர் எட்வர்ட் ஹெர்பர்ட் விலைக்கு வாங்கினார். கத்தோலிக்கக் குடும்பம். 1688இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் நாட்டைவிட்டு ஓடியபோது கூடவே போனது. சொத்து பறிமுதலாகி, மூன்றாம் வில்லியம் மன்னரின் உறவினரான ராச்ஃபோர்ட் பிரபுவின் கைக்குப் போய், 1722இல்தான் ஹெர்பர்ட்களுக்குத் திரும்பியது. இந்த இடைவெளியில் குத்தகைக் கணக்கைத் தேடுகிறவர்கள் ஹெர்பர்ட் பெயரில் தேடி, "ஒன்றுமில்லை" என்று திரும்பிவிடுகிறார்கள். ராச்ஃபோர்ட் பெயரிலும் தேட வேண்டும்.

இரண்டாவது, மாண்ட்கோமரியையும் சர்பரியையும் சேர்ந்த ஹெர்பர்ட்கள். இவர்கள் பங்காளிகள், ஆனால் வேறு கிளை. கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட்டும் அவருடைய அண்ணன் சர்பரி பிரபு எட்வர்ட் ஹெர்பர்ட்டும் இந்தக் கிளையினர். போவிஸ் கிளையின் கடைசி மார்க்விஸ் (ஏர்லுக்கு மேலான பிரபுப் பட்டம்) 1748இல் இறந்ததும் சொத்து இந்தக் கிளையின் ஹென்றி ஆர்தர் ஹெர்பர்ட்டுக்கு வந்தது. உரிமையில் சந்தேகம் எழாதிருக்க 1751இல் அவர் மார்க்விஸின் சகோதரர் மகள் பார்பராவை மணந்தார். அந்தத் திருமணத்தோடு இரண்டு வீட்டுப் பத்திரங்களும் ஒரே அறைக்கு வந்து சேர்ந்தன.

மூன்றாவது, கிளைவ்கள். வேல்ஸுக்கு வெளியே, எல்லைக்கு அந்தப் பக்கம் ஷ்ராப்ஷயரில் ஸ்டைச் என்ற சிறு பண்ணைக் குடும்பம். ராபர்ட் கிளைவ் இந்தியாவில் குவித்த பணத்தில் வால்காட், ஓக்லி பார்க் போன்ற எஸ்டேட்டுகளை வாங்கிச் சேர்த்தார். 1784இல் அவர் மகன் எட்வர்ட், பார்பராவின் மகள் ஹென்ரியட்டா ஹெர்பர்ட்டை மணந்தார். ஹென்ரியட்டாவின் சகோதரர் மணமாகாமலே 1801இல் இறக்க, சொத்து எட்வர்ட்–ஹென்ரியட்டா தம்பதியின் மூத்த மகனுக்குப் போனது. தாய்மாமன் சொத்துக்காக அந்த மகன் 1807இல் கிளைவ் என்ற குடும்பப் பெயரை விட்டு ஹெர்பர்ட் ஆனார். அப்பா கிளைவ், மகன் ஹெர்பர்ட். குடும்ப மரம் போடுகிறவர்கள் முதலில் இடறும் இடம் இது.

படி 2: பட்டங்களைத் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள்

"முதலாம் போவிஸ் ஏர்ல்" என்று ஒரு தாளில் இருந்தால் மூன்று பேரில் யாராகவும் இருக்கலாம். 1674இல் பட்டம் பெற்ற வில்லியம் ஹெர்பர்ட், 1748இல் பெற்ற ஹென்றி ஆர்தர் ஹெர்பர்ட், 1804இல் பெற்ற எட்வர்ட் கிளைவ். பட்டம் வாரிசில்லாமல் அற்றுப்போகும், மறுபடி புதிதாக வழங்கப்படும், எண் ஒன்றிலிருந்து தொடங்கும். "லார்ட் கிளைவ்" என்பதும் இப்படித்தான்: 1774 நவம்பர் வரை ராபர்ட், அதன்பின் எட்வர்ட். 1804க்குப் பின் "வைகவுண்ட் கிளைவ்" என்றால் ஏர்லின் மூத்த மகனுக்கு மரியாதைக்காக வழங்கும் பெயர்.

ஒரு தாளில் இடது பக்கம் ஆண்டு, நடுவில் அன்றைய பட்டம், வலது பக்கம் ஆளின் இயற்பெயர் என்று மூன்று பத்தி போட்டு மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் வரும் ஒவ்வொரு "ஏர்ல்" என்ற சொல்லையும் அதோடு ஒப்பிட்ட பிறகே குறிப்பு எடுங்கள். போவிஸ் என்ற பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் ஒரு சிக்கல் உண்டு. கோட்டைக்கும் ஏர்லுக்கும் ஐ எழுத்து வரும். பழைய சிற்றரசுக்கும் 1974இல் அமைந்த மாவட்டத்துக்கும் அதே இடத்தில் ஒய் எழுத்து. தேடுபெட்டியில் இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

படி 3: எந்தக் காப்பகத்தில் எது

வேல்ஸ் பக்கத்து நிலம் பற்றிய பத்திரம், மேனர் (நிலக்கிழார் தனக்கென்று நீதிமன்றம் நடத்திய நிலப்பகுதி) பதிவு, குத்தகைக் கணக்கு ஆகியவற்றின் பெரும்பகுதி அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில். ஷ்ராப்ஷயர் பக்கத்து நிலம் ஷ்ரூஸ்பரியில் உள்ள ஷ்ராப்ஷயர் ஆவணக் காப்பகத்தில். இந்தியா தொடர்பான கிளைவ் தாள்கள் அபெரிஸ்ட்வித்துக்கும் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்துக்கும் இடையே பிரிந்து கிடக்கின்றன. ஓக்லி பார்க் மட்டும் தனிக்கதை. அது எட்வர்டின் இரண்டாவது மகன் ராபர்ட் ஹென்றி கிளைவுக்குப் போய், வின்ட்சர்-கிளைவ் குடும்பத்தின் வழியில் நகர்ந்துவிட்டது. பின்னாளைய தாள்களை அந்த வழியில்தான் தேட வேண்டும்.

தேடும் முறை:

1. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையில், ஆவணத்தை உருவாக்கியவர் பெயரில் தேடுங்கள். எந்தெந்தக் காப்பகங்களில் இந்தக் குடும்பத்தின் தொகுப்புகள் உள்ளன என்ற பட்டியல் கிடைக்கும்.
2. மேனர் ஆவணங்களுக்கு அதே காப்பகம் தனிப் பதிவேடு வைத்திருக்கிறது. மாவட்டம், மேனர் பெயர் இரண்டையும் கொடுத்துத் தேடலாம்.
3. பிறகு வேல்ஸ் தேசிய நூலகத்தின் அட்டவணைக்குப் போங்கள். அது மரம்போல் கிளைவிட்டிருக்கும்: தொகுப்பு, வரிசை, கட்டு, தனித்தாள். சொல்லைப் போட்டுத் தேடுவதற்கு முன், மேலிருந்து கீழாக ஒருமுறை கிளைகிளையாக இறங்கிப் பாருங்கள். சொல் தேடலில் சிக்காத கட்டுகள் கண்ணில் படும். "பல்வகை" என்று பெயரிட்ட கட்டை ஒருபோதும் விடாதீர்கள்.

பழைய அட்டவணைகள் பலவும் பத்திரங்களை ஒன்றிரண்டு வரியில் சுருக்கியவை. அந்தச் சுருக்கத்தில் வயல் பெயரும் சாட்சிகள் பெயரும் விடுபட்டிருக்கும். அட்டவணையில் இல்லை என்பதால் ஆவணத்தில் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

படி 4: குத்தகைப் பேரேட்டிலிருந்து தொடங்குங்கள்

புதிதாக வருகிறவர்கள் அழகான தோல் பத்திரத்தைத்தான் முதலில் கேட்பார்கள். அதை ஒத்திப் போடுங்கள். குத்தகைப் பேரேடுதான் முதுகெலும்பு. ஆண்டுக்கு ஆண்டு ஒரே வரிசையில் பண்ணைகளை அடுக்கியிருப்பதால் ஒரு பண்ணையைப் பல தலைமுறைக்குப் பின்தொடரலாம். அங்கே ஆள் பெயரை நம்பாதீர்கள். ஒரே பாரிஷில், அதாவது ஒரே தேவாலய வட்டத்தில், நாலு ஜான் ஜோன்ஸ் இருப்பார்கள். பண்ணைப் பெயரையும், பட்டியலில் அதன் இடத்தையும், வாடகைத் தொகையையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றில் இரண்டு பொருந்தினால் அதே பண்ணை.

வாடகை ஆண்டுக்கு இருமுறை: மார்ச் 25 'லேடி டே', செப்டம்பர் 29 'மைக்கேல்மஸ்'. வேல்ஸின் சில இடங்களில் மே முதல் நாளும் நவம்பர் முதல் நாளும் தவணை. பணத்தோடு கிறிஸ்துமஸுக்குக் கொழுத்த கோழி, நிலக்கிழாருக்காகச் சில நாள் வண்டி வேலை என்ற கடமைகளும் எழுதியிருக்கும்.

காரியஸ்தரின் கணக்குதான் அதிகம் பேரை ஏமாற்றுவது. இன்றைய வரவு-செலவுக் கணக்கு மாதிரி அது இல்லை. காரியஸ்தர் எவ்வளவுக்குப் பொறுப்பு, அந்தப் பொறுப்பிலிருந்து எப்படி விடுபட்டார் என்பதைக் காட்டும் கணக்கு. முதல் பாதி 'சார்ஜ்', அதாவது பழைய நிலுவையும் இந்தத் தவணையும் சேர்ந்த தொகை. இரண்டாம் பாதி 'டிஸ்சார்ஜ்', அதாவது செலுத்தியது, தள்ளுபடி, செலவு. ஒரு மாதிரிக் கணக்கு: நிலுவை 7 பவுண்டு 5 ஷில்லிங், அரையாண்டு வாடகை 14 பவுண்டு 10 ஷில்லிங், சார்ஜ் மொத்தம் 21 பவுண்டு 15 ஷில்லிங். குடியானவர் கட்டியது 16 பவுண்டு. கூரை செப்பனிட்டதற்குக் கழித்தது 1 பவுண்டு 15 ஷில்லிங். மீதி 4 பவுண்டு அடுத்த ஏட்டுக்கு நிலுவையாகப் போகும். சார்ஜ் மொத்தத்தை வருமானம் என்று எடுத்துக்கொண்டால், வராத பணத்தை வந்ததாக எழுதிவிடுவீர்கள். அதோடு அந்த 4 பவுண்டு அடுத்த ஆண்டும் கூடி இரண்டு முறை எண்ணப்படும். பத்தாண்டு வருமானத்தைக் கூட்டினால் தவறு மலைபோல் நிற்கும்.

1 பவுண்டு 20 ஷில்லிங், 1 ஷில்லிங் 12 பென்ஸ். தசமத்துக்கு மாற்ற எல்லாவற்றையும் பென்ஸாக்கி 240ஆல் வகுங்கள். 14 பவுண்டு 10 ஷில்லிங் 6 பென்ஸ் என்றால் 14.525.

போவிஸ் கணக்கில் இன்னொரு வரியும் உண்டு: லாங்கினோக் ஈயச் சுரங்கம். 18ஆம் நூற்றாண்டில் இந்தக் குடும்பத்துக்கு நல்ல வருமானம் தந்தது. சுரங்கக் கணக்கு தனிக் கட்டு. குத்தகைப் பேரேட்டை மட்டும் பார்த்து "குடும்பம் நொடித்திருந்தது" என்று எழுதிவிடாதீர்கள்.

படி 5: சர்வே, வரைபடம், அளவு

பேரேட்டில் கிடைத்த பண்ணையைத் தரையில் இறக்க சர்வே புத்தகமும் வரைபடமும் வேண்டும். நிலம் ஏக்கர், ரூட், பேர்ச் என்று எழுதியிருக்கும். 1 ஏக்கர் 4 ரூட், 1 ரூட் 40 பேர்ச். இலங்கைக் காணி உறுதியைப் படித்துப் பழகியவர்களுக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை. சென்ட் கணக்கில் யோசிப்பவர்களுக்கு: 1 பேர்ச் 0.625 சென்ட். 37 ஏக்கர் 2 ரூட் 25 பேர்ச் என்பது 37.656 ஏக்கர். பழைய சர்வேக்களில் 'வழக்க ஏக்கர்' என்ற வட்டார அளவும் வரும், அது சட்ட ஏக்கரோடு ஒத்துப்போகாது. இரண்டு சர்வேக்களுக்கு இடையே ஒரு பண்ணை திடீரென்று பெருத்தோ சிறுத்தோ தெரிந்தால், நிலம் கைமாறியது என்று முடிவு செய்யுமுன் அளவுகோல் மாறியதா என்று பாருங்கள்.

1836ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து வரைந்த 'டைத்' வரைபடங்கள் பெரிய வரப்பிரசாதம். தேவாலயத்துக்குச் சேரவேண்டிய பத்திலொரு பங்கைப் பணமாக மாற்ற எடுத்த கணக்கு இது. ஒவ்வொரு வயலுக்கும் எண், உரிமையாளர், அனுபவிப்பவர், வயலின் பெயர், உழவா மேய்ச்சலா, பரப்பு எல்லாம் உண்டு. நம்மூர் அடங்கலை நினைத்துக்கொள்ளுங்கள். வேல்ஸ் முழுவதற்குமான ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரைபடங்களை வேல்ஸ் தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஊருக்குப் போகும் முன் வீட்டில் இருந்தே முடிக்கவேண்டிய வேலை இது.

படி 6: பத்திரத்தை முதல் வரியிலிருந்து படிக்காதீர்கள்

பழைய ஆங்கிலப் பத்திரத்தில் நிறுத்தக்குறி இருக்காது, ஒரே வாக்கியம் ஒரு கெஜம் ஓடும். பெரிய எழுத்தில் வரும் சில சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டு தாவுங்கள். 'பிட்வீன்' என்பதற்குப் பின் தரப்பினர், 'விட்னசெத்' என்பதற்குப் பின் காரணமும் தொகையும், 'ஆல் தட்' என்பதற்குப் பின் நில விவரம், 'டு ஹேவ் அண்ட் டு ஹோல்ட்' என்பதற்குப் பின் கால அளவு, 'யீல்டிங் அண்ட் பேயிங்' என்பதற்குப் பின் வாடகை. இந்த ஐந்தையும் எழுதிவிட்டால் பத்திரத்தின் சாரம் கையில் வந்துவிடும்.

மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

'லீஸ் அண்ட் ரிலீஸ்': இது குத்தகை அல்ல, கிரயம். விற்பனையை அடுத்தடுத்த இரண்டு தேதிகளில் இரண்டு பத்திரமாக எழுதுவது 1841 வரை வழக்கம். முதல் நாள் பத்திரம் ஓராண்டுக் குத்தகை, பெரும்பாலும் 5 ஷில்லிங் என்ற பெயரளவுத் தொகைக்கு. மறுநாள் பத்திரத்தில்தான் உண்மை விலை. முதல் பத்திரம் மட்டும் கிடைத்து, "பண்ணையை 5 ஷில்லிங்குக்கு விட்டார்" என்று எழுதுவது வழக்கமான பிழை.

'மூன்று உயிர்க் குத்தகை': பத்திரத்தில் பெயர் சொன்ன மூவரில் கடைசி ஆள் இறக்கும்வரை குத்தகை நீடிக்கும். குடியானவர் தன் குழந்தைகள் பெயரைத்தான் போடுவார், நீண்டநாள் இருப்பார்கள் என்று. அதனால் வயதோடு குடும்ப விவரம் கிடைக்கும். ஓர் உயிர் போனால் பணம் கட்டிப் புதுப் பெயர் சேர்க்கலாம். 'ஹெரியட்' என்று சிறந்த மாட்டை ஒப்படைக்கும் கடமையும் உண்டு. பின்னாளில் ஆண்டுக்கு ஆண்டு தொடரும் குத்தகை பரவியபின் பலருக்கும் பத்திரமே கிடையாது. பத்திரம் இல்லை என்பதால் குடி போய்விட்டதாக நினைக்காமல் பேரேட்டுக்குத் திரும்புங்கள்.

திருமண ஒப்பந்தம்: மிக நீளமானது, மிகச் சலிப்பானது, ஆனால் விடக்கூடாதது. எந்தச் சொத்து யார் வழியாக வந்தது, இளைய பிள்ளைகளுக்கு எவ்வளவு, விதவைக்கு ஆண்டுக்கு எவ்வளவு, யார் யார் அறங்காவலர் என்று எல்லாம் அதில்தான். முன்னுரைப் பகுதி பழைய பத்திரங்களின் சுருக்கத்தையே தரும். தாய்ப் பத்திரம் தொலைந்திருந்தாலும் அதன் சாரம் இங்கே பிழைத்திருக்கும்.

படி 7: பெயரும் தேதியும்

1536ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் வேல்ஸில் நிர்வாக மொழி ஆங்கிலம். மேனர் நீதிமன்றச் சுருள்கள் 1733 வரை பெரும்பாலும் லத்தீன், 1650களில் மட்டும் ஆங்கிலம். ஆனால் பண்ணையும் வயலும் வெல்ஷ் பெயரோடுதான் நிற்கும். குறைந்தது இவற்றையாவது தெரிந்துகொள்ளுங்கள்: கய் என்பது வயல் (நம் காதுக்குக் 'கை' என்றே விழும்), மைஸ் வெளி, பிரின் குன்று, நான்ட் ஓடை, மெலின் ஆலை, பான்டி கம்பளித் துணி துவைத்து இறுக்கும் ஆலை, ஹாவோட் கோடைக்கால மலைக்குடில், ஹென்ட்ரே பழைய இருப்பிடம், இஷாவ் கீழ், இச்சாவ் மேல், மவ்ர் பெரிய, பாக் சிறிய.

வெல்ஷில் முந்தைய சொல்லைப் பொறுத்து அடுத்த சொல்லின் முதல் எழுத்து மாறும். மெலின் வெலின் ஆகும், மவ்ர் வவ்ர் ஆகும், குவெர்ன் வெர்ன் ஆகும். ஆங்கிலம் மட்டும் தெரிந்த எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். ஆகவே எம் எழுத்தில் கிடைக்காத பண்ணையை எஃப்பிலும் வியிலும் தேடுங்கள்.

ஆள் பெயரில் 'அப்' என்றால் மகன், 'வெர்க்' என்றால் மகள். தகப்பன் பெயரை முன்னெழுத்தாகப் போடும் நமக்கு இது எளிதில் பிடிபடும். நிலையான குடும்பப் பெயர் வந்தபோது அப் ரீஸ் ப்ரைஸ் ஆனது, அப் ஹவெல் பவெல், அப் ஹாரி பாரி, அப் ஓவன் போவன். தாத்தா, அப்பா, மகன் மூவருக்கும் மூன்று 'குடும்பப் பெயர்' இருந்தால் மூன்று குடும்பம் என்று பொருளல்ல.

1752க்கு முன் ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. பத்திரத்தில் 1698 பிப்ரவரி 10 என்றிருந்தால் நம் கணக்கில் 1699. குறிப்பில் 1698/9 என்று இரண்டையும் எழுதுங்கள். அரசர் ஆட்சியாண்டில் தேதியிட்டிருந்தால் இரண்டாம் சார்லஸிடம் உஷார்: ஆட்சிக்கு வந்தது 1660இல், ஆனால் தந்தை கொல்லப்பட்ட 1649 ஜனவரி 30 முதல் ஆண்டு எண்ணினார். அவரது 12ஆம் ஆண்டு என்பது 1660.

படி 8: வெளியே சரிபாருங்கள்

எஸ்டேட் ஆவணம் நிலக்கிழாரின் பக்கத்தை மட்டுமே சொல்லும். குடியானவர் பக்கத்துக்கு உயில்கள். 1858க்கு முந்தைய வேல்ஸ் உயில்கள் தேசிய நூலகத்தின் தளத்தில் படமாகவே உள்ளன. வழக்குகளுக்கு 1543 முதல் 1830 வரை நடந்த வேல்ஸின் 'கிரேட் செஷன்ஸ்' நீதிமன்றப் பதிவுகள், அவையும் அபெரிஸ்ட்வித்தில்தான். ஷ்ராப்ஷயர் நிலத்துக்கு இந்த நீதிமன்றம் பொருந்தாது, கியூவுக்குப் போக வேண்டும்.

படி 9: மெட்ராஸ் தாள்கள்

தமிழ்நாட்டு வரலாறு எழுதுகிறவர்கள் எட்வர்ட் கிளைவ் பெயரில் மட்டும் தேடி நிறுத்திவிடுகிறார்கள். ஹென்ரியட்டா பெயரிலும் தேடுங்கள். 1800இல் அவர் இரண்டு மகள்களோடு மெட்ராஸிலிருந்து புறப்பட்டு பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், தஞ்சாவூர், தரங்கம்பாடி என ஆயிரம் மைலுக்கு மேல் சுற்றினார். 1801இல் ஊர் திரும்பினார். அவருடைய கடிதங்களும், மகள் சார்லட்டின் பயணக் குறிப்பும் எஞ்சியுள்ளன. திப்புவின் கூடாரமும் சிம்மாசனப் புலித்தலை ஒன்றும் இன்றும் போவிஸ் கோட்டையில் இருக்கின்றன. அவை வந்த வழியை ஆராய விரும்பினால் கடிதங்களோடு வீட்டுச் சரக்குப் பட்டியல்களையும் சேர்த்துக் கேளுங்கள்.

கவர்னர் வீட்டுக்கு எழுதிய கடிதத்தையும், அதே வாரத்தில் கவுன்சிலில் பதிவான தீர்மானத்தையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். தீர்மானங்கள் சென்னை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஆகவே முதல் வேலையை எழும்பூரில் முடித்துத் தேதிப் பட்டியலோடு வேல்ஸ் போவதே சிக்கனம்.

படி 10: வாசிப்பறையில்

ஷ்ரூஸ்பரியிலிருந்து அபெரிஸ்ட்வித்துக்கு நேரடி ரயில் உண்டு, சுமார் இரண்டு மணி நேரம், வழியிலேயே வெல்ஷ்பூல். வாசகர் அட்டைக்குப் படமும் முகவரியும் உள்ள அடையாளச் சான்று கொண்டுபோங்கள். வேண்டிய கட்டுகளின் எண்ணை முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், சில கட்டுகளைக் கொண்டுவர நேரமாகும், சிலவற்றைப் பார்க்க அனுமதி வேண்டும். பேனா கூடாது, பென்சில்தான். மடித்த தோல் பத்திரத்தைக் கையால் அழுத்தி விரிக்காதீர்கள், மணிச்சரம் போன்ற எடைகளை ஓரத்தில் வைத்து மெல்ல விரியுங்கள். மெழுகு முத்திரைமேல் எடை படக்கூடாது.

படம் எடுக்க அனுமதி கிடைத்தால் ஒவ்வொரு ஆவணத்துக்கும் முதல் படம் அதன் எண் எழுதிய சீட்டாக இருக்கட்டும். பிறகு முன்பக்கம், மடிப்புக்குள் ஒளிந்த வரிகள், கடைசியாகப் பின்பக்கம். பின்பக்கத்தில் காரியஸ்தர் எழுதிவைத்த ஒற்றை வரிச் சுருக்கமும் பெட்டி எண்ணும் இருக்கும். எந்தப் பத்திரம் எந்தப் பத்திரத்தோடு ஒரே பெட்டியில் இருந்தது என்பதை அந்த வரிதான் காட்டும். ஊருக்குத் திரும்பிய பிறகு பலரும் எடுக்காமல் விட்டோமே என்று வருந்துவது அந்தப் பக்கத்துக்காகத்தான்.